இன்ஸ்பெக்டர் இலைக்கு வந்த சிவப்பு ஒயின்

போன வாரம் செல்வி ஃபோன் செய்தாள். குற்றாலத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹோட்டலில் இப்போது ரெஸ்டாரண்ட் பொறுப்பு அவள்தான். சாரல் விழுகிற நேரம், கூட்டம் நெரிகிற நேரம். அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டால் ஒன்று யாராவது சொல்லாமல் லீவு போட்டிருக்க வேண்டும், இல்லை யாராவது ஒயின் கோப்பைகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு உடைத்திருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டும் இல்லை.

"அண்ணாச்சி, இப்ப மேசைக்கு மேசை ஒரு டேப்லெட் வச்சிருக்காக. எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடுன்னு அதே சொல்லுது. இங்கன ஒரு குடும்பம் இத்தாலி சிவப்பு ஒயின் கேட்டிருக்கு. மூணு திராட்சை கலந்தது, நல்லாக் காட்டமா இருக்குமாம். அதுக்கு ஸ்டீக்கு, காளானு, ஆட்டுப்பால் சீஸுன்னு டேப்லெட் வரிசையா அடுக்குது. ஆட்டுக்கறி வேணா இருக்கு. ஆட்டுப்பால் சீஸுக்கு நான் எங்கன போவேன்?"

"டேப்லெட்டையே போய் வாங்கிட்டு வரச் சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயுசு பூராவும் நின்ற காலோடு நான் பார்த்த வேலையை ஒரு சிலேட்டுப் பலகை வந்து பார்க்கிறதென்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? கொஞ்சம் பொறு, ஒருவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த ஒருவர் யார், சிவப்பு ஒயினுக்கு என்ன கறி என்று அவரைப் போய் நான் ஏன் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஒயினுக்குள் வந்தது தற்செயல். தென்காசியில் பிளஸ் டூ முடித்தேன், மெட்ராஸில் கேட்டரிங் படித்தேன், ஒரு ஹோட்டலில் தட்டுத் தூக்கினேன், அங்கிருந்து இத்தாலிக்காரர்கள் நடத்திய ஒரு பயணிகள் கப்பலுக்குப் போனேன். பயிற்சிக் காலம் என்று சொல்ல இவ்வளவுதான். "பையன் கப்பல்ல இருக்கான்" என்று அப்பா சொன்னதைக் கேட்டுச் சொந்தக்காரர்கள் நான்தான் கப்பலை ஓட்டுகிறேன் என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். அப்பாவும் திருத்தவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவிக்கு உண்மை தெரிந்தது. ஒயினை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புவதும் என் வேலையில் சேர்த்தி என்றதும் அவளுக்குத் தாங்கவில்லை. "நல்ல கதையா இருக்கே. துப்புததுக்குச் சம்பளமா? எங்க தெருவுல அத்தன பேரும் வெத்தலையப் போட்டுச் சும்மால்லா துப்புதாக" என்றாள். இன்றுவரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

கப்பலில் எனக்கு மேலே இருந்தவர் பெயர் ரெனாத்தோ. ஒயின் பரிமாறுபவர்களுக்கெல்லாம் தலைவர். ஒல்லி ஆள், குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. நாம் தப்புச் செய்தால் பக்கத்தில் வந்து நிற்பார். புட்டியை நம் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொள்வார். "கிராட்சியே" என்பார். நன்றி என்று அர்த்தம். பிறகு மிச்ச வேலையை அவரே செய்வார், நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நாலு அறை வாங்கினால்கூடத் தேவலை என்று இருக்கும். அவர் நன்றி சொல்லிவிடக் கூடாதே என்று பயந்து பயந்து நாங்கள் எல்லோரும் வேலை கற்றோம்.

அந்தக் காட்டமான கலப்பு ஒயினைத் திறக்கிற முறையை அவரிடம்தான் படித்தேன். புட்டியின் கழுத்து விளிம்புக்குக் கீழே தகட்டை ஒரே சுற்றில் அறுக்க வேண்டும். வாயைத் துணியால் துடைக்க வேண்டும். திருகாணி தக்கையின் நடுவில் இறங்க வேண்டும், அடிப்பக்கம் பொத்துக்கொண்டு போகக் கூடாது, போனால் தக்கைத் தூள் ஒயினில் விழும். இழுக்கும்போது சத்தம் வரக் கூடாது. தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிற அளவுக்கு ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பிறகு அதை ஒரு கண்ணாடிக் கூஜாவில் ஓரமாக இறக்க வேண்டும். அடியில் தங்கிய வண்டல் புட்டிக் கழுத்துக்கு வருகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே ஊற்ற வேண்டும். வண்டல் தெரிந்த உடனே கை நிற்க வேண்டும்.

இதெல்லாம் எளிது. அதற்கப்புறம் செய்ய வேண்டியதுதான் கஷ்டம். அதற்கப்புறம் ஒன்றும் செய்யக் கூடாது. கூஜாவை மேசையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்தக் கலப்பில் மூன்று திராட்சை. சாஞ்சொவேசே புளிப்புக்காரன். கபெர்னே துவர்ப்புக்காரன், நாக்கைப் பிடித்து இழுப்பான். மெர்லோதான் கொஞ்சம் சதைப்பிடிப்பான, சமாதானமான ஆள். திறந்த உடனே குடித்தால் மூன்றும் மூன்று பக்கம் நிற்கும், வாசம்கூடக் கடுகடுவென்று இருக்கும். காற்றுப் பட்டு, ஆறி அமர்ந்து, ஒன்றாகச் சேர நேரம் வேண்டும். அவசரப்பட்டு நான் முன்னாலேயே ஊற்றப் போன ஒவ்வொரு தடவையும் ரெனாத்தோ எனக்கு நன்றி சொன்னார்.

எதோடு சாப்பிட வேண்டும் என்பதும் அவர் சொல்லித் தந்ததுதான். கொழுப்பும் உப்பும் உள்ள எதுவும் அந்தத் துவர்ப்புக்குச் சேரும். சுட்டது, கருக வறுத்தது, மிளகு தட்டிப் போட்டது எல்லாம் சேரும். காய்ந்த மிளகாய் அள்ளிப் போட்டது சேராது, துவர்ப்பும் உறைப்பும் சேர்ந்து வாயில் தீ வைத்துவிடும். எலுமிச்சை, தயிர், தேங்காய்ப்பால், இனிப்பு எதுவும் கிட்டே வரக் கூடாது. ரெனாத்தோவுக்குத் தேங்காய்ப்பால் தெரியாது, அது நானே நாக்கைக் கொடுத்துக் கண்டுபிடித்தது.

கப்பலை விட்டு ஊருக்கு வந்து குற்றாலத்து ஹோட்டலில் சேர்ந்தபோது அங்கே பார் இருந்தது, லைசென்ஸ் இருந்தது, ஒயின் என்றால் என்னவென்று தெரிந்தவர் யாரும் இல்லை. 'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்று புட்டியில் போட்டிருந்ததை நம்பி, சித்திரை மாதத்து அறை வெப்பத்தில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரசம் குடிக்கிற சூட்டில் இருக்கும். நான் புட்டிகளுக்கு ஈரத்துண்டு கட்டி ஃபேனுக்கு முன்னால் நிறுத்தினேன். ஒருவர் ஒயினில் ஐஸும் சோடாவும் கேட்டார். இன்னொருவர் தயிர்சாதமும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் தொட்டுக்கொண்டு சிவப்பு ஒயின் குடித்துவிட்டு, ஒயின் கெட்டுப்போய்விட்டது என்று முதலாளியிடம் புகார் செய்தார். "ஒயின் கெடலே, வே. உம்ம வாய்தான் கெட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், என்ன செய்ய.

இனி இன்ஸ்பெக்டருக்கு வருகிறேன்.

வேலாயுதம் அண்ணாச்சி வாசுதேவநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். போலீஸில் சேர்ந்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, குத்துக்கல்வலசையில் வீடு கட்டி இருந்தார். பணிக்காலத்தில் பெரும்பகுதி மதுவிலக்குப் பிரிவு. மலையடிவாரத்து ஓடை ஓடையாக ஏறி இறங்கி, சாராய ஊறல் பானைகளைத் தடியால் உடைத்த மனுஷன். நாய் போகாத இடத்தில்கூட அண்ணாச்சி மூக்கு போகும் என்று டிபார்ட்மென்டில் பேச்சு. ஒரு சொட்டு தொட்டதில்லை. காரணம் இருந்தது. அவருடைய கூடப்பிறந்த அண்ணன் சாராயத்திலேயே போய்ச் சேர்ந்தார். அந்த வாயின் வாசத்தைப் பக்கத்தில் இருந்து அனுபவித்து வளர்ந்தவர்.

அவருடைய ஒரே மகள் மீனா. இத்தாலியில் வேலை பார்த்த இடத்தில் லூக்கா என்ற பையனைப் பிடித்துப்போய், அப்பாவிடம் வந்து நின்றாள். அண்ணாச்சி கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார், பிறகு மகள் முகத்துக்காகச் சம்மதித்தார். பையனின் அப்பா பியெத்ரோ என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, "திராட்சைத் தோட்டம்ப்பா" என்றாள் மீனா. அதோடு நிறுத்திக்கொண்டாள். விவசாயக் குடும்பம் என்றதும் அண்ணாச்சிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வீடியோவில் சம்பந்தியிடம் பேசும்போது தங்கள் வீட்டு வழக்கத்தையும் சொல்லியிருக்கிறார். மறுவீட்டு விருந்தன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருகிற பொருள்தான் முதலில் இலைக்கு வரும். அது வந்த பிறகுதான் பெண் வீட்டுச் சோறு. அது வராமல் யாரும் கை நனைக்க மாட்டார்கள். மூத்தமகள் மாதிரி பார்த்துக்கொண்ட தங்கை மகளைச் செங்கோட்டையில் கட்டிக் கொடுத்தபோது, சம்பந்தி கொண்டுவந்த பலாச்சுளையை வைத்த பிறகே பந்தி தொடங்கியதாம்.

பியெத்ரோவுக்கு இதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டதாம். அப்படியானால் என் கையால் செய்ததைத்தான் கொண்டுவருவேன் என்று சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "சம்பந்தி தோட்டத்துத் திராட்சை வருதுவே. உலர்ந்ததா, பச்சையான்னுதான் தெரியல."

கல்யாணம் தென்காசியில் ஒரு மண்டபத்தில் முடிந்தது. மறுநாள் மறுவீட்டு விருந்தை, இத்தாலிக்காரர்கள் தங்கியிருந்த எங்கள் ஹோட்டலிலேயே வைத்தார்கள். வெளியே சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. காலையிலேயே பியெத்ரோ ஒரு மரப்பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். உள்ளே வைக்கோலில் படுத்திருந்தன புட்டிகள். அவரே விளைவித்து, அவரே மூன்று திராட்சையையும் கலந்து, மரப்பீப்பாயில் ஊற வைத்து எடுத்த ஒயின். கப்பலில் கற்ற என் இத்தாலி மொழியில் சாப்பாட்டுச் சொற்களும் வசவுகளும்தான் அதிகம். அதை வைத்தே பேசினோம். மதுவிலக்கு இன்ஸ்பெக்டரின் இலைக்கு முதலில் வரப்போவது இதுதானா என்று நினைத்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடினேன்.

அங்கே அடுத்த இடி. அண்ணாச்சியின் மனைவி காந்திமதி மதினி சமையல் மாஸ்டர் பக்கத்தில் நின்று சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மகள் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, அது சூடாம்லா? வயித்தப் பொசுக்கிரும்லா? அதான் எல்லாம் குளுமையாப் பண்ணச் சொல்லிட்டேன். தேங்காப்பால் சொதி, வெள்ளரிக்கா தயிர்ப்பச்சடி, எலுமிச்சம்பழம் ஊத்துன நீர்மோரு. கறிக்குழம்பு மட்டும் நம்ம ஆளுகளுக்காண்டி நல்லா மொளகா வத்தல அரச்சு வச்சாச்சு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சூட்டுக்குக் குளிர்ச்சி என்று எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குப் பார்க்கிற கணக்கை மதினி ஒயினுக்குப் பார்த்துவிட்டார். எதெதெல்லாம் கிட்டே வரக் கூடாதோ அத்தனையும் ஒன்றுவிடாமல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. வேறு யாராவது வேண்டுமென்றே செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்ய முடியாது. "மதினி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் அங்கன உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டரைப் பிடித்தேன். ஆட்டுக்கறியை நல்லெண்ணெயில் சுக்காவாகச் சுண்ட வை, வத்தலைத் தொடாதே, மிளகைத் தட்டிப் போடு. ஈரலையும் அப்படியே. கத்தரிக்காயைத் தணலில் சுட்டு உப்பும் பூண்டும் போட்டு மசித்துவிடு, புளி வேண்டாம். மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே செய்தான்.

அப்போது ஹாலிலிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது. "என்னவே இது?"

ஓடிப் போனேன். மரப்பெட்டி திறந்திருந்தது. அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தடயத்தைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் இரண்டு வீட்டு ஆட்களும். மீனாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"திராட்சன்னு சொன்னியேம்மா" என்றார்.

"திராட்சைதாம்ப்பா..." என்று இழுத்தாள் மீனா.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இதுக்கு பெர்மிட்டு இருக்கா?"

"வெளிநாட்டுலேர்ந்து வாரவங்க ஆளுக்கு இவ்வளவுன்னு கொண்டுவரலாம் அண்ணாச்சி. அந்த அளவுக்குள்ளதான் இருக்கு. நம்ம ஹாலுக்கும் லைசென்ஸ் இருக்கு."

அவர் புட்டிகளையும் வந்தவர்களையும் ஒருமுறை நோட்டம் விட்டார். "சட்டப்படி சரியாத்தாம்வே கொண்டாந்திருக்கான்" என்றார். அதில் அவருக்கு எவ்வளவு ஏமாற்றம் என்பது குரலிலேயே தெரிந்தது.

எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் வாயாலேயே போட்ட முடிச்சு அது. சம்பந்தி பொருள் இலைக்கு வராமல் சோறு இல்லை என்று சொன்னவர் அவர். வைத்தால் ஆயுசு பூராவும் உடைத்துத் தள்ளியதை மகள் விருந்தில் தன் கையால் வைத்த மாதிரி ஆகும். வைக்காவிட்டால் சம்பந்தியை நடு ஹாலில் அவமானப்படுத்திய மாதிரி ஆகும், மகளின் வாழ்க்கை அந்த மனத்தாங்கலோடு கடல் தாண்டிப் போகும்.

"ஒண்ணத் தெறயும், பாப்போம்" என்றார் கடைசியில். ஹாலே மூச்சை விட்டது. நான் ரெனாத்தோ பக்கத்தில் நிற்கிற மாதிரி நினைத்துக்கொண்டு சத்தமில்லாமல் தக்கையை எடுத்தேன். எங்களிடம் ஒயின் கூஜா ஏது? பழரசக் கண்ணாடி ஜக்கில் வண்டல் விழாமல் இறக்கினேன். அண்ணாச்சி பொறுக்கவில்லை. குனிந்து ஜக்கில் மூக்கை வைத்தார். வைத்த வேகத்திலேயே நிமிர்ந்தார்.

"ஊறல் வாசம் அடிக்குது" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. நாற்காலியில் போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

மீனா அழுதாள். மதினி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பியெத்ரோ என்னைப் பிடித்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மீனாவே பெரியப்பா செத்த கதையை அழுகையும் இத்தாலியுமாகச் சொல்லி முடித்தாள். பியெத்ரோ பெட்டியை எடுத்து மூடினார். மெதுவாக, தப்பில்லாமல் வைக்கோலைச் சரிசெய்து மூடினார். என்னிடம் சொன்னார்: "அவரிடம் சொல்லுங்கள். அவர் குடிக்க வேண்டும் என்று நான் கொண்டுவரவில்லை. இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது, அதனால் கொண்டுவந்தேன். கடைக்குப் போய்ப் பழம் வாங்கி வருகிறேன், அதை வைத்து விருந்தைத் தொடங்கலாம்."

வராந்தாவில் சாரலைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணாச்சியிடம் ஓடிப் போய் அதை வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் திரும்பவில்லை. அப்போது எனக்கு வந்ததே ஒரு கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம்.

"அண்ணாச்சி, நீங்க போலீசு. ஒருத்தனப் புடிச்ச உடனே தீர்ப்புச் சொல்லிருவீயளா? விசாரிக்க மாட்டீயளா? அது இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்கு. இத்தன வருசமா அடச்சுக் கெடந்தது. ஒரு மணி நேரம் குடுங்க. அப்புறமும் ஊறல் வாசம் வந்தா நானே கொண்டுபோய் ஓடையில ஊத்துதேன்."

இப்போது திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது" என்றார்.

என் ஆயுசில் அவ்வளவு நீளமான ஒரு மணி நேரத்தைப் பார்த்ததில்லை. இலை போட்டாயிற்று, ஆட்கள் உட்கார்ந்தாயிற்று, ஒருவரும் கை நனைக்கவில்லை. பிள்ளைகள் பசியில் சிணுங்கின. செங்கோட்டையிலிருந்து வந்திருந்த நேந்திரங்காய் வறுவலை வராந்தாவில் வைத்துச் சமாளித்தேன். விருந்துதான் தொடங்கக் கூடாது, கொறிப்பதற்கு என்ன வந்தது? பியெத்ரோ ஜக்கையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எனக்குள் ஒரே ஒரு பயம். கொச்சி விமான நிலையத்திலிருந்து காரில் மலைப்பாதையில் குலுங்கி வந்த ஒயின். அது கோபித்துக்கொண்டு கடைசிவரை வாயைத் திறக்காமலே இருந்துவிட்டால்?

நேரம் முடிந்ததும் அண்ணாச்சி தாமாகவே உள்ளே வந்தார். ஒரு கோப்பையில் கொஞ்சமாக ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றிக் கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகில் கொண்டுபோனார். இந்தத் தடவை உடனே எடுக்கவில்லை.

"வேலம்பட்டை இருக்கு" என்றார். சாராய ஊறலில் போடுகிற பட்டை அது. "ஆனா ஊறல் பட்டை இல்ல. ஆசாரி இழைச்சுப் போட்ட பட்டை. பச்சை மரவாசம்." மறுபடி முகர்ந்தார். "நாவப்பழம். நல்லாக் கனிஞ்சது, காம்புப் பக்கம் லேசா அழுகுனது. அப்புறம்... பொகையில காயப்போட்ட வீடு. மழை விழுந்த கரிசக்காடு." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "எங்க அண்ணன் வாயில நான் மோந்தது வேறவே. அது சாவு நாத்தம். இதுல அது இல்ல. இல்லவே இல்ல."

ஒவ்வொன்றாகப் பியெத்ரோவுக்குச் சொன்னேன். மரத்துக்குத் தலையாட்டினார். புகையிலைக்கு எழுந்து நின்றார். மழை விழுந்த மண்ணுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். நாவப்பழத்துக்கு எனக்கு இத்தாலியில் சொல் கிடைக்கவில்லை. நல்லவேளை, நாவல் சீசன். ஹோட்டல் வாசலிலேயே கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கிக் கொடுத்தேன். மனுஷன் ஒன்றை வாயில் போட்டுக் கண்ணைச் சுருக்கினார், கோப்பையை முகர்ந்தார், இன்னொன்றைப் போட்டார். நாக்கெல்லாம் ஊதா நிறம். "இது என் ஒயினுக்குள் இருக்கிறது. என் ஊரில் இந்தப் பழம் இல்லை, அதனால் எனக்கு இதுவரை பெயர் தெரியவில்லை" என்றார்.

அண்ணாச்சி தம் இலைக்கு வலப்பக்கத்தில் அந்தக் கோப்பையை வைத்தார். அவரே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "சம்பந்தி வீட்டுப் பொருள் வந்துட்டு. மாஸ்டர், இனிமே நம்ம வீட்டுச் சாப்பாடு வரட்டும்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு சொட்டுக் குடிக்காமல், அந்த மனுஷன் ஒவ்வொரு பதார்த்தம் வரும்போதும் அதையும் முகர்ந்து, கோப்பையையும் முகர்ந்து தீர்ப்புச் சொன்னார். வத்தல் அரைத்த கறிக்குழம்பு வந்தது. "வேண்டாம், ரெண்டும் அடிச்சுக்கும்." சொதி வந்தது. "காந்திமதி, இது எனக்கு மட்டும் ஊத்து, சம்பந்திக்கு ஊத்தாத." மிளகு சுக்கா வந்ததும், "இது! இதத்தாம்வே அது தேடிக்கிட்டிருக்கு" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நிமிர்த்தி முடிப்பதற்குள், "எள்ளுத் தொவையல் எங்க?" என்று கேட்டுவிட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. மாஸ்டர் ஓடிப் போய்க் கறுப்பு எள்ளை வறுத்து அரைத்துக் கொண்டுவந்தான். சுக்காவில் அந்தத் துவையலைத் தொட்டு, ஒரு வாய் ஒயினோடு பியெத்ரோ சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்து அண்ணாச்சியின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தார். இன்ஸ்பெக்டருக்கு வெட்கம் தாங்கவில்லை. "என்னவே இவரு, சின்னப்புள்ளத்தனமா" என்று துண்டால் துடைத்துக்கொண்டார், துடைத்தபிறகு சிரித்தார். எனக்கு அவர் மூக்கின் மேல் கொஞ்சம் பொறாமைதான், மறைப்பானேன். ஆனாலும் அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் வேறு எந்த நாளும் வேலையில் கிடைத்ததில்லை.

விருந்து முடிகிறபோது அண்ணாச்சியின் கோப்பை ஊற்றியது ஊற்றியபடி நின்றது. பியெத்ரோ அதை எடுத்து, உங்களுக்காக நான் குடிக்கட்டுமா என்று சைகையில் கேட்டார். அண்ணாச்சி தலையை ஆட்டினார். பியெத்ரோ அதைக் குடித்து முடித்தார்.

அது நடந்து சில வருஷம் ஆகிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மீனாவுக்கு ஒரு மகள். பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு அண்ணாச்சி வருஷா வருஷம் இத்தாலிக்குப் போகிறார். பேத்தியைப் பார்ப்பதும் உண்மைதான். ஆனால் எந்தத் திராட்சை எவ்வளவு என்று பியெத்ரோ கலப்பை முடிவு செய்கிற நாட்களில் பீப்பாய்க்குப் பீப்பாய் கூடப் போய் நிற்பது யார் என்று நினைக்கிறீர்கள்? இன்றைக்கும் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. மதுவிலக்குப் பிரிவு மூக்கு தலையசைக்காமல் அந்த வீட்டில் இப்போது ஒயின் கலப்பதில்லை என்று மீனா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

செல்வி கேட்டதும் அவரைத்தான் கூப்பிட்டேன். அவர் இத்தாலியில் மகள் வீட்டில் இருந்தார், அங்கே காலை நேரம். பேத்தியின் சத்தம் கேட்டது. செல்வியையும் இணைப்பில் சேர்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஏட்டி செல்வி" என்றார் அண்ணாச்சி. "பாட்டிலத் தெறந்தாச்சா?"

"இல்ல சார். மொதல்ல என்ன கறி வைக்கன்னு..."

"மோந்து பாக்காம கறியப் பத்தி என்னத்தக் கேக்குத? தெறந்து ஜக்குல ஊத்து. ஒரு மணி நேரம் சும்மா விடு. மிளகு சுக்காவுக்குச் சொல்லி வையி. எள்ளுத் தொவையல மறந்துராத."

"சரி சார்."

"அப்புறம் ஒண்ணு. ஊத்துன உடனே மோந்தேன்னா நல்லாவே இருக்காது பாத்துக்கோ" என்றார். பேத்தி அவரை எதற்கோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "எந்திரிச்சு மட்டும் போயிராத தாயி."